கோடையில் பாஸ் மீன்: "ஆழத்துக்குப் போ" என்பது பாதி உண்மைதான்

தக்கை

நான் தூண்டில் போடும் ஏரியில் மதியம் மேல்நீர் 31 டிகிரி. ஏரியின் நடுவில் 40 அடி ஆழம். கரையோரம் 8 அடி வரை வேலம்பாசி அடர்ந்து நிற்கிறது, ஒரு மூலையில் ஆகாயத்தாமரைப் படுகை. பழைய ஆற்றுப் பள்ளம் அடியில் வளைந்து ஓடுகிறது. குறி லார்ஜ்மவுத் பாஸ் என்ற இரைதேடி மீன். எங்கே படித்தாலும் ஒரே உபதேசம்: வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போ. ஆனால் 30, 35 அடியில் இறக்கினால் ஒரு கொத்துகூட இல்லை. தப்பு எங்கே?

கையில் இருப்பவை: 7 அடி மீடியம் ஹெவி பெய்ட்காஸ்டர் ராட், 7.3:1 ரீல் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.3 சுற்று), 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லைன். 7 அடி மீடியம் ஸ்பின்னிங், 15 பவுண்டு பிரெய்டு (பின்னிய லைன்). இவை எதுவரை தாங்கும், எதற்குக் கட்டாயம் புது ராட் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

ஆழமானி

35 அடியில் கடிக்காததற்கு லூர் (செயற்கை இரை) காரணமில்லை. பெரும்பாலும் அங்கே மீனே இருக்காது.

கோடையில் தேங்கிய நீர் மூன்று அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே காற்று கலக்கிவிடும் சூடான அடுக்கு. அடியில் குளிர்ந்த, கனமான நீர். இடையில் மீட்டருக்கு 1 டிகிரியோ அதற்கு மேலோ சட்டெனக் குளிரும் ஒரு பட்டை, அதுதான் தெர்மோக்ளைன். இந்தப் பட்டை மூடிபோல் நிற்பதால் அடிநீர் மேல்நீரோடு கலக்காது. அங்கே வெளிச்சமும் போதாது. செத்த பாசியும் இலையும் மட்கி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். பாசி கொழுத்த ஏரிகளில் கோடையின் நடுவில் அடி அடுக்கு ஏறக்குறைய மூச்சற்ற நீர். தெளிந்த, சத்துக் குறைந்த ஆழமான ஏரிகளில் மட்டும் அடியிலும் ஆக்சிஜன் தங்கும். நீங்கள் சொல்வது அந்த வகை அல்ல.

அதோடு 31 டிகிரி பாஸுக்கு மரண வெப்பம் இல்லை. அது விரும்பும் வெப்பமே 27 டிகிரியை ஒட்டியது. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்துவைக்கும். 30 டிகிரியில் 7.5. குறைவுதான், ஆனால் போதும். 5க்கு மேல் இருந்தால் மீனுக்குச் சிரமம் இல்லை. 3க்குக் கீழே போனால் அந்த இடத்தை விட்டு விலகிவிடும். ஆகவே குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்குப் போகும் மீன், மூச்சு முட்டும் இடத்தில் நின்றுவிடும். அந்தக் கோடுதான் உங்கள் ஏரியின் உண்மையான தரை.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. சோனாரில் தானியங்கி அமைப்பை அணைத்துவிட்டு, சென்சிட்டிவிட்டியைப் படிப்படியாக ஏற்றுங்கள். நடு ஏரியில், அடித்தரைக்கு வெகு மேலே, புகைபோன்ற ஒரு கிடைக்கோடு தெரியும். சிறுமீன் கூட்டங்கள் அதற்கு மேலேயே நின்றால் சந்தேகம் வேண்டாம். சோனார் இல்லையென்றால் நீளமான வயர் கொண்ட டிஜிட்டல் வெப்பமானியில் 3 அடிக்கு ஒரு முடிச்சு போட்டு இறக்குங்கள். சாதாரணக் கண்ணாடி வெப்பமானி உதவாது, மேலே இழுப்பதற்குள் அளவு மாறிவிடும்.

கோடு 18 அடியில் என்று வைத்துக்கொள்வோம். இனி 12 முதல் 18 அடிக்குள் தரை எங்கெல்லாம் வருகிறதோ அங்கே மட்டும் தேடுங்கள்: ஏரிக்குள் நீளும் மேட்டு மூக்குகள், நடுவில் எழும்பும் திட்டுகள், பழைய ஆற்றுப் பள்ளத்தின் மேல் விளிம்பு, முக்கியமாக அந்த விளிம்பு வளையும் இடம். ஏரியின் முக்கால் பங்கை வரைபடத்திலேயே அடித்துவிடலாம்.

கோரைக்கரை

மேலே சொன்னது சரி, ஆனா அத படிச்சிட்டு எல்லாரும் நடு ஏரிக்குக் கிளம்பிடாதீங்க. கோடை பூரா கரையை விட்டு நகராத பாஸ் ஒரு கூட்டம் இருக்கு. பாசிக்கு அடியில நிழல் இருக்கு, இரை இருக்கு, பகல்ல பாசியே ஆக்சிஜனும் விடுது.

பகல்லன்னு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் உண்டு. ராத்திரி பாசியும் ஆக்சிஜனை இழுக்கும். ரொம்ப அடர்ந்த பாசிக்குள்ள ஆக்சிஜன் ஆகக் குறைவா இருக்கிற நேரம் விடியற்காலை. அதனால விடியல்ல படுகைக்கு வெளி ஓரத்தையும் திறந்த தண்ணியையும் பாருங்க. படுகையோட நட்டநடுவுல போடுறது பத்து மணிக்கு மேல. வெயில் உச்சிக்கு ஏற ஏற மீன் கூரைக்கு அடியில நெருங்கி ஒடுங்கும். காலையில பரவிக் கிடக்கிற மீன் மதியம் எங்க இருக்கும்னு கணிக்கிறது இதனாலதான் சுலபம்.

எல்லாப் படுகையும் ஒண்ணு இல்ல. பச்சையா, உயிரோட இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க. பழுப்பேறி அழுகின படுகைக்கு அடியில அந்த அழுகலே ஆக்சிஜனைக் குடிச்சிடும். படகை நிறுத்திக் காது கொடுங்க. கூரைக்கு அடியில "சொப், சொப்"னு சின்னச் சத்தம் கேட்டா புளூகில்ங்கிற சின்ன மீன் பூச்சி பொறுக்குது. புளூகில் இருந்தா பாஸ் பக்கத்துலதான்.

கூரையைத் துளைக்க: 28 முதல் 42 கிராம் டங்ஸ்டன் புல்லட் வெயிட், அதுக்கு மேல ரப்பர் ஸ்டாப்பர் ரெண்டு. ஒண்ணு போட்டா நாலு துளைப்புல நழுவிடும், வெயிட் மேலயே தங்கி லூர் மட்டும் பாசியில தொங்கும். 4/0 நேர்த்தண்டு முள், ஸ்னெல் முடிச்சு. லைனை முள் முனை இருக்கிற பக்கத்துல இருந்து முள்ளோட கண்ணுக்குள்ள (தலையில இருக்கிற துளை) விடணும், அப்பதான் வெயிட் இடிக்கும்போது முனை வெளியே உதைச்சுத் திரும்பும். மாத்தி விட்டா முனை உள்ளே மடங்கி, அடிச்ச அடி எல்லாம் வீண். லூர் 4 அங்குலத்துக்குள்ள, கை கால் அதிகம் விரியாத கிரியேச்சர் வகை பிளாஸ்டிக் பூச்சி. லைன் 65 பவுண்டு பிரெய்டு, டிராக் (மீன் இழுத்தா லைனை விட்டுக்கொடுக்கிற பிரேக்) முழுசா இறுக்கணும்.

வெயிட் எவ்வளவுன்னு குழம்ப வேண்டாம். 28ல ஆரம்பிங்க, துளைக்கலைன்னா ஏத்துங்க. கனம் கூடினா மீன் வாயைத் திறக்கும்போது அந்தக் கனமே முள்ளை வெளியே தள்ளும்.

கடி பெரும்பாலும் முதல் இறக்கத்துல வரும். தரை தொட்டதும் கூரைக்கு அடிவரைக்கும் தூக்கி ரெண்டு மூணு தடவை ஆட்டுங்க. இல்லைன்னா அடுத்த ஓட்டை. ஒரே ஓட்டையில நின்னு கெஞ்சறது நேர விரயம்.

தக்கை

15 பவுண்டு ஃப்ளோரோகார்பனில் இந்தத் துளைப்பு முடியாதா?

கோரைக்கரை

முடியாது. மீன் கடிக்கும், பாசிக்குள்ள சுத்தும், 10 கிலோ பாசியோட சேர்த்துத் தூக்கப் பார்ப்பீங்க, லைன் போயிடும். மீன் வாயில முள்ளோட போகும், அது இன்னும் மோசம். புதுசா ஒரு ராட் வாங்குறதா இருந்தா இதுக்குத்தான் வாங்கணும்: 7 அடி 4 அங்குலத்துல இருந்து 7 அடி 6 வரை, ஹெவி, ஃபாஸ்ட் ஆக்ஷன் (நுனி மட்டும் வளையறது), 65 பவுண்டு பிரெய்டு. தவளை லூருக்கும் இதே போதும். உங்க 7.3:1 ரீலை இதுக்கு மாத்திடுங்க. ஸ்பூல்ல முதல்ல பத்துப் பதினஞ்சு சுத்து நைலான் போட்டுட்டு அதுமேல பிரெய்டு கட்டுங்க, இல்லைன்னா மொத்த பிரெய்டும் ஸ்பூல் மேல வழுக்கிச் சுத்தும். டிராக் கெட்டுப்போச்சுன்னு ரீலைப் பிரிக்கிறவங்க பாதிப் பேரோட பிரச்சினை இதுதான்.

ஈயக்குண்டு

நடு ஏரிப் பக்கம் நான் சொல்கிறேன். ஆழமானி சொன்ன 12 முதல் 18 அடி விளிம்பில் மூன்று கருவிகள் போதும்: டீப் கிராங்க்பெய்ட் (சுற்றினால் ஆழத்துக்கு இறங்கும் நாக்கு வைத்த லூர்), கரோலினா ரிக் (முன்னால் வெயிட், பின்னால் நீளத் துண்டு லைனில் புழு), ஃபுட்பால் ஜிக் (அகலத் தலையுள்ள கன முள்). இந்த வரிசையே வேலையின் வரிசையும்கூட. கிராங்க் மீன் கூட்டத்தைத் தேடித் தரும், மற்ற இரண்டும் அங்கேயே நின்று பறித்துத் தரும்.

கிராங்க்பெய்ட் தரையை இடிக்க வேண்டும். இடிக்காமல் நீந்தி வருவது இந்த வேலைக்கு உதவாது. 14 அடித் தரைக்கு 16 அடி இறங்கும் லூர். பெட்டியில் எழுதியுள்ள ஆழம் நீண்ட வீச்சுக்கும் மெல்லிய லைனுக்கும் உரியது. 10 அல்லது 12 பவுண்டு ஃப்ளோரோகார்பனில் கிடைக்கும் ஆழம் உங்கள் 15 பவுண்டில் கிடைக்காது. தடித்த லைன் நீரில் இழுவை கொடுத்து லூரை மேலே தூக்கிப் பிடிக்கும். இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள். வீசிய தூரம் முழுவதும் லூர் முழு ஆழத்தில் ஓடாது. முதல் பகுதி இறங்குவதில் போகும், கடைசிப் பகுதி படகை நோக்கி ஏறுவதில் போகும். நடுப்பகுதிதான் உழைக்கிற பகுதி. ஆகவே விளிம்புக்கு மேலே லூரைப் போடாதீர்கள். விளிம்பைத் தாண்டி வெகுதூரம் வீசி, அது பாதையின் நடுவில் வரும்படி படகை நிறுத்துங்கள்.

இடித்ததும் சுற்றுவதை நிறுத்துங்கள். மிதக்கும் லூர் என்பதால் கட்டையிலிருந்து தானே பின்வாங்கி மேலெழும். கடி அந்த நொடியில்தான் அதிகம். பதறி இழுத்தால் மும்முள் கட்டையில் ஏறிவிடும்.

லூர் ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் ஆழம் போய்விடும். பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தைக் குறட்டால் வலப்பக்கம் மயிரிழை வளையுங்கள். ஒருமுறை வளைத்து, ஓட்டிப் பார்த்து, பிறகு மறுபடி. சேர்த்து வளைத்தால் வளையம் உடலுக்குள் தளர்ந்துவிடும், பிறகு அந்த லூர் நேராகாது.

ராட் 7 அடி 6 முதல் 7 அடி 10, கண்ணாடியிழை கலந்தது, மாடரேட் ஆக்ஷன் (நடுவரை வளைவது). விறைத்த கிராஃபைட்டில் மீன் துள்ளும்போது சிறிய மும்முள் சதையைக் கிழித்துக் கழன்றுவிடும். ரீல் 5.4:1 என்று சொல்வது மெதுவாக ஓட்ட அல்ல. ஆழ லூரின் நாக்கு நீரை அள்ளி இழுக்கும், அந்தச் சுமையைத் தாங்க.

நீர்க்காகம்

இந்த ஒன்றில் ஒத்துக்கொள்ள மாட்டேன். 5.4 காலம் போய்விட்டது. சில நாள் ஆழ லூரை வெறித்தனமாக வேகமாக ஓட்டினால்தான் கூட்டம் விழித்துக்கொள்ளும். அந்த வேகம் 5.4ல் கை ஒடிந்தாலும் வராது. 6.3, 6.4 பக்கம் நீண்ட கைப்பிடியோடு இருந்தால் இரண்டும் நடக்கும்.

ஈயக்குண்டு

ஒரு மணி நேரம் ஓட்டினால் 6.3 சுகம். நாள் முழுக்க ஓட்டினால் மணிக்கட்டு 5.4ஐக் கேட்கும். கேட்டவர் கையில் 7.3 இருக்கிறது. அதில் டீப் கிராங்க் ஓட்டினால் வேகத்தை விடச் சோர்வுதான் தோற்கடிக்கும் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

கரோலினா ரிக்குக்கு அவருடைய மீடியம் ஹெவியே போதும். லைனில் 21 கிராம் வெயிட், ஒரு கண்ணாடி மணி, சுழலி. அதற்குப் பின் 2 முதல் 4 அடி லீடர் (நுனித் துண்டு லைன்), 12 அல்லது 15 பவுண்டு. முடிவில் 3/0 அல்லது 4/0 அகல வளைவு முள், 6 அங்குலப் பல்லி. மணி அலங்காரத்துக்கு இல்லை. அது இல்லாவிட்டால் வெயிட் சுழலி முடிச்சைத் தட்டித் தட்டி நைத்துவிடும். வெயிட்டோடு மோதி எழுப்பும் சத்தம் உபரி லாபம். லீடர் நைலானாக இருந்தால் லூர் தரைக்குச் சற்று மேலே மிதந்து தாழும். ஃப்ளோரோகார்பன் கனம், தரையோடு படுத்துவிடும். தரையில் குட்டைப் பாசி இருந்தால் உருண்டை ஈயம் வாரிக்கொண்டு வரும். ஒல்லியான நீள உருளை வெயிட் போடுங்கள்.

இழுப்பு ராடால், ரீலால் அல்ல. பக்கவாட்டில் மெல்ல ஒரு இரண்டடி வாருங்கள், பிறகு தளர்வைச் சுற்றுங்கள். கடி "டக்" என்று வராது, ஏதோ கனத்தது போலிருக்கும். மேலே தூக்கி அடித்தால் வெயிட்டைத்தான் தூக்குவீர்கள். பக்கவாட்டில் நீளமாக வீச்சரிவாள் போல இழுங்கள்.

ஃபுட்பால் ஜிக் 14 முதல் 21 கிராம், கல் தரைக்கு மட்டும். பாசியில் அதன் அகலத் தலை சிக்கும். கல்லில் மாட்டினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள், இன்னும் ஆழமாக ஆப்படிக்கும். லைனை விரலால் வில்நாண் போல இழுத்து, சட்டென விடுங்கள். பெரும்பாலும் பின்பக்கமாகத் தெறித்துக் கழன்றுவிடும்.

அணை ஏரியானால் மதகோ விசையாழியோ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நீரோட்டம் இருக்கும்போது மீன் திட்டின் எதிர்நீர்ப் பக்கம் வரிசையாக, முகத்தை ஓட்டத்துக்கு நேரே வைத்து நிற்கும். லூரை ஓட்டம் வரும் பக்கத்தில் போட்டு ஓட்டத்தோடு கொண்டுவாருங்கள். இரை வருகிற திசை அதுதான். ஓட்டம் நின்றால் அதே கூட்டம் கலைந்து இடைநீரில் தொங்கும். அப்போது தரையில் தேடுவது வீண்.

தக்கை

இடைநீரில் தொங்குகிற மீனை என்ன செய்வது? டிராப்ஷாட் (வெயிட் கீழே, முள் அதற்கு மேலே) போட்டால் பிரெய்டு முறுக்கிக்கொண்டு கூடு கட்டுகிறது.

மெல்லிழை

முறுக்குக்குக் காரணம் பிரெய்டு அல்ல, புழு. முள்ளில் கோணலாக ஏறிய புழு மேலே வரும்போது காற்றாடி போலச் சுழலும். மூக்கு நுனியில் நட்டநடுவே, 1ஆம் எண் முள்ளில் கோருங்கள். பிரெய்டும் லீடரும் சேரும் இடத்தில் மிகச் சிறிய சுழலி வைத்தால் மீதிப் பிரச்சினையும் தீரும். ஆனால் அது வழிகாட்டி வளையத்துக்குள் நுழையாது, ஆகவே லீடரை 4, 5 அடிக்குள் வையுங்கள். சுழலி வேண்டாம் என்றால் எஃப்ஜி முடிச்சு, 8 அல்லது 10 அடி லீடர். 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன்.

முள்ளுக்கு பாலோமர் முடிச்சு, வால் முனையை 2 அடி நீளம் விட்டுக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் அந்த வாலை முள் முனை இருக்கும் பக்கத்திலிருந்து மறுபடி கண்ணுக்குள் விட்டுக் கீழே இறக்கினால் முள் கிடையாக, முனை மேல்நோக்கி நிற்கும். வால் நுனியில் 7 முதல் 10 கிராம் வெயிட். முள்ளுக்கும் வெயிட்டுக்கும் இடையே ஒன்று முதல் ஒன்றரை அடி.

ஆட்டும்போது வெயிட் நகரக்கூடாது. தளர்ந்த லைனை மட்டும் நடுங்கவிடுங்கள். கடித்ததும் ஓங்கி அடிக்காதீர்கள். மெல்லிய கம்பி முள், ராடைத் தூக்கியபடி சுற்றினாலே ஏறும்.

தொங்குகிற மீனுக்கு டிராப்ஷாட் என் முதல் தேர்வு அல்ல. 14 கிராம் ஜிக் தலையில் 4 அங்குல ஸ்விம்பெய்ட் (மீன்போல் நீந்தும் பிளாஸ்டிக் லூர்). முதலில் ஆழம் தெரிந்த இடத்தில் இறக்கி, தரை தொட எத்தனை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். 15 அடிக்கு 10 வந்தால் 9 அடியில் நிற்கும் மீனுக்கு 5 எண்ணிச் சுற்ற ஆரம்பியுங்கள். 6 எண்ணினால் மீனின் மட்டத்திலேயே போகும், ஆனால் பாஸ் மேல்நோக்கித்தான் பாயும். ஒன்றரை அடி மேலே ஓடுவதே நல்லது.

நீர்க்காகம்

தவளை லூர் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. படுகை ஓரத்திலும் ஓட்டைகளிலும் காலை மாலை அதுதான் ராஜா, மேகம் மூடினால் நாள் முழுக்க. "நீர் வெடித்தது, அடித்தேன், தவளை மட்டும் பறந்து வந்தது" என்ற புலம்பலுக்கு மருந்து: வெடித்ததும் ராடைத் தாழ்த்துங்கள், தளர்வைச் சுற்றுங்கள், கனம் தெரிந்த பிறகு அடியுங்கள். முள் முனைகளைக் குறட்டால் மயிரளவு மேலே திறந்துவிடுங்கள், அதிகம் திறந்தால் பாசி வாரும். உள்ளே நீர் சேர்ந்த தவளை தாழ்ந்து முனை புதையும். நாலு வீச்சுக்கு ஒருமுறை பிழியுங்கள். ரப்பர்க் கால் இழைகளில் ஒரு பக்கத்தை ஓர் அங்குலம் குறைத்து வெட்டினால் இடம் வலமாக நடக்கும். தவறிய மீனுக்கு மறுபடி தவளை போடாதீர்கள். அதே ஓட்டையில் உடனே ஒரு டெக்சஸ் ரிக் புழுவை (முனையைப் புழுவுக்குள் மறைத்துக் கோர்த்தது) இறக்குங்கள்.

திறந்த நீரில் மேல்நீர் லூருக்கு ஃப்ளோரோகார்பன் மட்டும் வேண்டாம். அது மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். 30 பவுண்டு பிரெய்டு அல்லது நைலான்.

இரவு என்றால் கறுப்பு நிறம், வட்டமான கொலராடோ பிளேடு வைத்த ஸ்பின்னர்பெய்ட் (தகடு சுழலும் லூர்), மெதுவாக, தரையை ஒட்டி. இருட்டில் அதிர்வை வைத்துத்தான் மீன் தேடும், அதனால் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள்.

கோடையில் பெரிய பாஸ் படாது என்பவர்களுக்கு ஒரு தகவல். உலகச் சாதனை எடையான 22 பவுண்டு 4 அவுன்ஸை ஜார்ஜ் பெர்ரி ஜார்ஜியாவில் பிடித்தது 1932 ஜூன் 2. அதைச் சமன் செய்த மனாபு குரிதா ஜப்பானின் பிவா ஏரியில் பிடித்தது 2009 ஜூலை 2. குரிதாவின் மீன் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் கூடத்தான். ஆனால் பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் அதிகம் வேண்டும் என்பது விதி, அதனால் சமன்.

ஆழமானி

பிடித்ததை எப்படி விடுவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கோடையில் அதுதான் கடினம். நீர் 30 டிகிரியில் மீன் அதிகமாக மூச்சு வாங்கும், நீரிலோ ஆக்சிஜன் குறைவு. நீண்ட போராட்டம் கூடாது. மெல்லிய லைனில் விளையாடிக் களைக்கவைப்பது விளையாட்டு அல்ல. கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துக் கிடையாகத் தூக்காதீர்கள், வயிற்றையும் தாங்குங்கள்.

லைவ்வெல்லில் (படகில் மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) வைப்பதானால் காற்றூட்டியை நிறுத்தாமல் ஓட்டுங்கள். 100 லிட்டர் நீரில் 3 கிலோ பனி முழுதாகக் கரைந்தால் ஏறக்குறைய 3 டிகிரி இறங்கும். அந்த அளவு போதும். ஏரி நீரை விட 5 டிகிரிக்கு மேல் குளிர்த்தினால் விடும்போது அதிர்ச்சி.

25, 30 அடியிலிருந்து வேகமாக ஏற்றிய மீனுக்குக் காற்றுப்பை உப்பி, விட்ட பிறகு மல்லாந்து மிதக்கும். லைவ்வெல்லில் வைக்காமல் உடனே தலைகீழாக நீருக்குள் செலுத்திவிட்டால் பல மீன்கள் தாமே இறங்கிவிடும். மிதந்தால், கீழ் உதட்டில் கவ்வும் கிளிப்போடு கனத்தைக் கட்டி ஆழத்துக்கு இறக்கி விடுவிக்கலாம். ஊசி குத்திக் காற்றை எடுப்பது உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்று கற்றவர்களின் வேலை. சில இடங்களில் விதிப்படி அனுமதியும் இல்லை.

தக்கை

பனி தூளாகப் போடலாமா, கட்டியாகவா? குழாய் நீரில் செய்த பனி இருக்கிறது.

ஆழமானி

கட்டியாக. தூள் ஒரேயடியாகக் கரைந்து வெப்பத்தைச் சட்டென இறக்கிவிடும், பிறகு மறுபடி ஏறும். குழாய் நீரில் குளோரின் இருக்கும், செவுளுக்கு ஆகாது. அதனால் பாட்டிலில் நிரப்பி உறையவைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே போடுங்கள். ஒன்று முழுதாகக் கரைந்த பிறகு அடுத்ததை.

கோரைக்கரை

பனிப்பெட்டியில இடம் இருந்தா பிளாஸ்டிக் புழுக்களையும் நிழல்ல வைங்க. வெயில்ல வளைஞ்ச புழு நேராகாது, மெல்லிழை சொன்ன காற்றாடி அங்கதான் ஆரம்பிக்குது. வளைஞ்சுபோனதைக் கொதிநீர்ல அரை நிமிஷம் போட்டு, நேரா கிடத்தி ஆறவிட்டா திரும்பும். ரொம்ப இழுபடுற, மிதக்கிற வகை ரப்பர்ப் புழுக்களை மட்டும் சாதாரணப் பிளாஸ்டிக்கோட ஒரே பையில போடாதீங்க, ரெண்டும் உருகிப் பசையா ஒட்டிக்கும்.